மச்சான் அனுப்பினான்!

"சேதி தெரியுமா, அண்ணே?"

"என்ன சேதி?"

"பிள்ளை பிடிக்கிற கூட்டம் நம்ம பக்கம் வந்திருக்காம். வடக்கேயிருந்து நூறு பேராம்! லாரியிலே வந்து இறங்கியிருக்காங்களாம்!"

"யார் சொன்னது?"

"மச்சான் அனுப்பினான்!"

அவ்வளவுதான்! வழக்கு முடிந்தது; சாட்சி விசாரணை முடிந்தது; தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. மச்சான் அனுப்பினான் என்ற பிறகு மறு விசாரணை ஏது? மச்சான் பொய் சொல்வானா? தங்கையைக் கைப்பிடித்தவன், அவசரத்துக்கு ஐந்நூறு கேட்டால் ஆயிரமாகத் தருபவன், ஆலை வாசலிலே மறியல் நடந்தபோது தோளோடு தோள் நின்றவன். அவன் அனுப்பியதைச் சந்தேகிப்பது அவனையே சந்தேகிப்பதல்லவா?

சரி, மச்சானுக்கு அனுப்பியவர் யார்? பட்டறை மேஸ்திரி. மேஸ்திரிக்கு? அவருடைய சின்னம்மா மகன். அவனுக்கு? "ஏதோ ஒரு குழுவிலே வந்தது." அங்கே கயிறு அறுந்துவிடுகிறது. முதன்முதலிலே சொன்னவன் எவன், எந்த ஊரான், கண்ணால் கண்டானா, காசுக்குச் சொன்னானா, ஒன்றும் தெரியாது. முகமில்லாதவன் கட்டிவிட்ட கதை, மச்சானுடைய முகத்தை இரவல் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக் கூடத்திலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாமும் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, உபசரிக்கிறோம்.

நாம் கதை பேசவில்லை, தோழர்களே! 2018-ஆம் ஆண்டு மே திங்களை எண்ணிப் பாருங்கள். வட தமிழகத்து மாவட்டங்களிலே கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிற்று இந்தப் புளுகு. மே 9-ஆம் நாள், சென்னையிலிருந்து 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினருடன் காரிலே புறப்பட்டு வருகிறார். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே குலதெய்வக் கோயில். வழி சரியாகத் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள். பக்கத்திலே குழந்தைகள் விளையாடுகின்றன. குழந்தையைக் கண்ட பாட்டியின் கை சும்மா இருக்குமா? சாக்லெட் எடுத்துக் கொடுக்கிறார்.

அந்தச் சாக்லெட்தான் சாட்சியாயிற்று! அத்திமூரிலே வண்டியை மறித்தார்கள். இழுத்துப் போட்டு அடித்தார்கள். மூதாட்டி மாண்டார், உடன் வந்தவர்கள் குற்றுயிராய்க் கிடந்தார்கள். வடநாட்டுக் கும்பலைத் தேடிப் புறப்பட்டவர்கள் கொன்றது யாரை? தமிழ் பேசி, தமிழிலே வழி கேட்டு, தமிழ்க் குழந்தைக்கு இனிப்புக் கொடுத்த ஒரு கிழவியை! அதே நாட்களிலே பழவேற்காட்டில், ஆதரவற்றுத் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்திலே தொங்கவிட்டார்கள். அதே திங்களிலே பெங்களூரில், ராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரைக் கட்டி இழுத்து அடித்துக் கொன்றார்கள். ஜூலை முதல் நாள், மராட்டியத்துத் துலே மாவட்டம் ரைன்பாடா எனும் சிற்றூரில், ஊர் ஊராய்ச் சுற்றிப் பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தார் ஐவர், ஊராட்சி அலுவலக அறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் படுகொலைகளுக்கெல்லாம் பின்னணியாக அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய படங்களிலே ஒன்றின் பிறப்பைக் கேளுங்கள். தெருவிலே சிறுவர்கள் பந்து விளையாடுகிறார்கள்; மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள்; ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் எந்தத் தாயின் வயிறும் கலங்கும். அது எடுக்கப்பட்ட இடம் பாகிஸ்தானத்துக் கராச்சி! எடுத்தவர்கள், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் தொண்டர்கள். எடுத்த ஆண்டு 2016. 'பெற்றோரே, விழிப்பாயிருங்கள்' என்று சொல்வதற்காக நடித்து எடுத்த விளம்பரப் படம் அது. படத்தின் முடிவிலே அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த முடிவை மட்டும் கத்தரித்துவிட்டான். குழந்தையைக் காக்க எடுத்த படம், மனிதரைக் கொல்லும் கத்தியாயிற்று. ஒரு கத்தரிப்பு, அவ்வளவே!

வதந்தி புதிதா? இல்லை. 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிள்ளையார் பால் குடித்தார்! டில்லியிலே தொடங்கி, ஒரே நாளிலே கடல் கடந்து இலண்டன் வரையிலே குடித்தார். கைப்பேசி பரவாத காலம். கம்பித் தொலைபேசியிலேதான் சேதி பறந்தது. கரண்டியின் விளிம்பிலே பால் கல்லைத் தொட்டதும் வழுக்கி வழிவது திரவங்களின் இயல்பு என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். வண்ணப் பொடி கலந்து, பால் சிலைமீது வழிவதைக் கண்ணெதிரே காட்டினார்கள். அன்று நட்டம் பால்மட்டுந்தான். பாலோடு போயிற்றென்று நாமும் சிரித்துவிட்டுப் போனோம். சிரித்துவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

நம்முடைய தேநீர்க் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு நாளேடு. நாலு துண்டாகக் கிழித்து நாலு பெஞ்சிலே படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர் காது கொடுப்பார். அங்கேயும் புளுகு வரும். ஏடுகள் எல்லாம் மெய்யே எழுதின என்று நாம் எப்படிச் சொல்வோம்? நாமே ஏட்டுக்காரர், நமக்கல்லவா தெரியும்! ஆனால், படித்தவர் வாயை மூடுவதற்குள் மூலை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "யோவ், அது அந்தக் கட்சிக்காரன் பத்திரிகைய்யா!" இன்னொருவர், "நேத்துத்தான் அந்த ஊர்லேயிருந்து வர்றேன், அப்படி ஒண்ணும் நடக்கலியே" என்பார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே நடுவராயிருந்து ஒரு சொல் சொல்வார். புளுகு அந்தப் பத்துப் பேரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பாதி நாள் அது கடை வாசலிலேயே செத்துப்போகும்.

கைப்பேசியிலே அந்த மூலை பெஞ்சு இல்லை. இரவு ஷிப்ட் முடித்து, போர்வைக்குள் புகுந்து, தன்னந்தனியே பார்க்கிறோம். மறுத்துப் பேச ஆளில்லை. குழுவிலே எவனாவது ஒருவன் "இது மெய்தானா?" என்று கேட்டுவிட்டாலோ, "பெரியப்பா போட்டதையா கேள்வி கேட்கிறாய்?" என்று வீட்டிலே சண்டை. அண்ணன் தம்பி ஒருவருக்கொருவர் பேசாமற்போனதும், கலியாண வீட்டிலே பந்தியிலே எதிரெதிராக உட்கார மறுத்ததும், நாம் கண்ணால் கண்டவை. கேள்வி கேட்பவன் துரோகி. மௌனமாயிருப்பவன் நல்ல பிள்ளை. அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுபவன் ஊருக்கு உழைப்பவன்!

தள்ளிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு கணக்கு. 2018-இல் வாட்ஸ்அப் குழு ஒன்றிலே 256 பேர் வரை இருக்கலாம். கொலைகள் பெருகிய பிறகு, அந்த ஜூலையிலே நிறுவனத்தார் கண் விழித்து, இந்தியாவிலே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ள முடியாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஐந்து குழு; அனுப்புபவனைக் கழித்தால் குழுவுக்கு 255 பேர். ஒரு விரல் தட்டலுக்கு 1275 பேர்! கட்டுப்பாட்டுக்குப் பிறகு வந்த கணக்கு இது. 2020 ஏப்ரலிலே, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அதன்மேல் இரட்டை அம்புக்குறியும் இருக்கும். இரட்டை அம்பைக் கண்டால், அது மச்சான் எழுதியதல்ல, எங்கெங்கோ சுற்றி வந்தது என்று அறிக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014-இல் அந்த வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் முதலாளிகள் அறிவித்த தொகை 1,900 கோடி டாலர். அப்பேர்ப்பட்ட நிறுவனம், 2018 ஜூலையிலே, 'வந்ததையெல்லாம் நம்பாதீர்' என்று இந்திய மக்களுக்குச் சொல்ல எங்கே வந்தது தெரியுமா? நாளேடுகளிலே முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது! (அன்று நாம் அடைந்த பெருமையைத் தோழர்கள் மன்னிக்கட்டும்.)

2018-இலே வடநாட்டான் பிள்ளை பிடிப்பான் என்று நாம் நம்பினோம். ஐந்தாண்டு கழித்து, அதே கருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2023 மார்ச்சுத் தொடக்கத்திலே, தமிழன் பீகாரியைக் கொல்கிறான் என்று பீகார் நம்பிற்று! இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேரைத் தமிழ்நாட்டிலே தூக்கிலிட்டார்கள் என்று எழுதியவர் ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர், வழக்கறிஞரும்கூட. பிறகு உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆனால், அதற்குள் பீகார்ச் சட்டமன்றத்திலே அமளி. தாய்மார் கண்ணிலே நீர். "மகனே, புறப்பட்டு வந்துவிடு" என்று திருப்பூருக்கும் கோவைக்கும் கைப்பேசிகள் அலறின.

ஆதாரமென்று காட்டிய படங்கள் எவை? அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு விளக்கினார்: ஒன்று, திருப்பூரிலே பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று, கோவையிலே உள்ளூர்க்காரர் இருவர் அடித்துக்கொண்டது. இன்னொரு படத்தைப் பற்றிப் பீகார்க் காவல்துறையே சொன்னது, பாட்னாவிலே ஒரு வாடகை வீட்டிலே ஆட்களை வைத்து நடித்து எடுத்தார்கள் என்று! காயக்கட்டும் வேடம், அழுகையும் வேடம். ஏன் நடிக்க வேண்டும்? யூடியூபிலே பார்வைக்குக் காசு. பார்ப்பவன் பதைக்கப் பதைக்க, படம் போட்டவன் பெட்டி நிறைகிறது. நிலைமையைக் கண்டறியப் பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்பிற்று. அதற்குத் தலைமை தாங்கி வந்த அதிகாரியின் பெயர் பாலமுருகன்! வதந்தி கட்டியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

போன வண்டிகளிலே ஏறியவர்கள் எல்லோரும் பயந்து ஏறினார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால், பனியன் கம்பெனியிலே அடுத்தடுத்த தையற்பொறியிலே உட்கார்ந்திருந்த இருவர், அந்த ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தைத்தார்களே, அதை எந்த அதிகாரி குழு வந்து எழுதிக்கொண்டு போயிற்று? ஒரே பீஸ் ரேட்டு. ஒரே மேற்பார்வையாளனின் ஏச்சு. மாதக் கடைசியிலே ஒரே கைமாற்றுக் கடன். கூலி உயர்வு கேட்க வேண்டிய இரண்டு வாய்களுக்கு நடுவிலே, எங்கோ பாட்னாவிலே எடுத்த படம் சுவராக நின்றது. அந்தச் சுவரினால் முதலாளிக்கு ஒரு காசு நட்டமுண்டா?

அவர்கள் நம்பினார்கள், அவர்கள் அனுப்பினார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறோம். எழுதுகிற கை சுத்தமா? அந்த மார்ச்சுக்கு முன்பு, ஜனவரியிலே, திருப்பூரிலிருந்து ஒரு படம் வந்தது. வடநாட்டுத் தொழிலாளர் கூட்டமாகத் தமிழ்த் தொழிலாளரை விரட்டுவதாகக் காட்டும் படம். நமக்கு அனுப்பியவர் மச்சானல்லர். இருபது ஆண்டுத் தோழர். பார்த்தோம், கொதித்தோம், 'பாரீர், இந்தக் கொடுமையை!' என்று நம் கைவரிசையையும் சேர்த்துப் பதினொரு குழுக்களுக்குத் தள்ளினோம். மேடையிலே பகுத்தறிவு பேசுகிற நாம், ஒரு தொலைபேசி எடுத்துத் திருப்பூர்த் தோழர் எவரையாவது கேட்கவில்லை! தேநீர்க் கடையிலே தொடங்கிய சில்லறைத் தகராறு அது என்று காவல்துறை விளக்கியபோது, நம் முழக்கம் ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது.

மறுப்பு எழுதினோம். 'நாம் அனுப்பியது தவறு, பொறுத்தருள்க' என்று அதே பதினொரு குழுக்களுக்கும் அனுப்பினோம். முன்பு கைதட்டிய விரல்கள் இப்போது அசையவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. பனியன் கம்பெனியிலே கட்டிங் வேலை செய்கிற தம்பி ஒருவன் எழுதியிருந்தான்:

"அண்ணே, எங்க ரூம்ல ஒரு ஒடிசாப் பையன் இருந்தான். நீங்க அனுப்பின படத்தைக் காட்டித்தான் அவனைக் காலி பண்ணச் சொன்னோம். இப்ப எங்கே இருக்கான்னு தெரியலை. போன் எடுக்க மாட்டேங்கிறான். நீங்க அனுப்பினதுன்னுதான் அண்ணே நம்பினோம்."