சிஸ்டர் போன்ல ஓடுற லேப்டாப்

வழக்கமா சுகர், பிரஷர், மாத்திரைன்னு எழுதுற நான் இன்னைக்கு செல்போன் ஹாட்ஸ்பாட் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்குய்யா இந்த வேலை?"ன்னு தோணும். கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை படிங்க.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மதியம். (ஆட்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சின்னாளப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எட்டு மாத கர்ப்பிணி ஒருவரை அவருடைய அம்மா ஆட்டோவில் கூட்டிட்டு வந்தார். காலையில் இருந்து மண்டை இடி. கண்ணு மங்கலாத் தெரியுது. பிரஷர் பார்த்தால் 170/110.

எட்டாம் மாதத்தில் இதைச் சாதாரணத் தலைவலின்னு விட முடியாது. கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு முற்றி, எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்கிற நிலை. மெக்னீசியம் சல்பேட் ஊசியும் பிரஷர் மருந்தும் கொடுத்து, 108-ல் ஏற்றி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் இப்போ நல்லா இருக்காங்க.

ஆனா அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை எனக்குள்ளேயே நிக்குது.

"பதினோரு மணியில இருந்து நம்ம சிஸ்டருக்குப் போன் போடுறேன் சாமி. சுச்சாப்பு சுச்சாப்புன்னே வருது. சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருந்துட்டோம். அப்புறம் கண்ணு தெரியலங்கவும்தான் பயந்து தூக்கியாந்தோம்."

அந்த கிராம சுகாதார செவிலியரை எனக்குத் தெரியும். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் ரெண்டாவது ரிங்கில் எடுக்கிறவர். அன்னைக்கு சாயங்காலம் அழுதுகொண்டே வந்தார்.

"ரெண்டு நாளா நெட் லைன் இல்ல சார். மாசக் கடைசி, என்ட்ரி முடிச்சே ஆகணும்னு சொல்லிட்டாங்க. என் போன்ல இருந்துதான் லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் போட்டேன். கரண்ட்டும் போயிருச்சு. சார்ஜ் எறங்குனதக் கவனிக்கல சார்."

இதுதான் நடந்தது. யாரும் சோம்பேறித்தனம் பண்ணலை. கர்ப்பிணிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அதே ஊர் கர்ப்பிணியின் அழைப்பு அவருக்கு வந்து சேரவில்லை.

"என்ட்ரிதானே, நாளைக்குப் போட்டா என்ன?"ன்னு கேட்கலாம். அந்த என்ட்ரியும் வெட்டி வேலை இல்லை. நம்ம தமிழ்நாட்டில் ஒரு கர்ப்பிணியைப் பதிவு செய்தால் 12 இலக்க ஆர்.சி.எச் எண் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பாங்க. 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அது வேணும். எண் வரத் தாமதமானால் தறி ஓட்டுற குடும்பத்துக்கும் கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கும்தான் நஷ்டம். அதனால்தான் சிஸ்டர்கள் நெட் இல்லைன்னா சும்மா உட்காராமல் சொந்த போனை எடுத்து இணைக்கிறாங்க.

நான் ஹாட்ஸ்பாட்டுக்கு எதிரி இல்லைங்க. எங்க கல்லூரிக் காலத்தில் நோக்கியா போனை கேபிளில் சொருகி, பிசி சூட் போட்டு, 2ஜியில் ஒரு பக்கம் திறக்க டீ குடிச்சுட்டு வரலாம். 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோது ஹாட்ஸ்பாட் வசதி போனுக்குள்ளேயே வந்தது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. 2016-க்குப் பிறகு டேட்டா விலை இறங்கியது. இந்த மூணும் சேர்ந்துதான் பிராட்பேண்டே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அப்பா போனில் இருந்து நெட் எடுத்துப் படிச்சாங்க, கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாங்க. எங்க ஊர்ல சுங்குடி சேலை விக்கிறவங்க பலர் கணக்கு, பில் எல்லாமே இப்படித்தான் பார்க்கிறாங்க.

கொரோனா தடுப்பூசியையும் நினைச்சுப் பாருங்க. 2021 ஜனவரி 16-ல் நாடு முழுக்கத் தடுப்பூசி தொடங்கியது. ஒவ்வொரு ஊசியும் கோவின் தளத்தில் ஏற வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 12-ல் நடந்த முதல் மெகா முகாமில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டோம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம்னு நான் நின்ன முகாம்களில் எல்லாம் லேப்டாப்புக்கு நெட் வந்தது யாரோ ஒரு ஊழியரின் சட்டைப்பையில் இருந்த போனில் இருந்துதான்.

அவசரத்துக்கு அது சரி. பேரிடர் காலம், எல்லோரும் தோள் கொடுத்தோம். என் கேள்வி, அவசரத்துக்குச் செஞ்சது எப்படி அன்றாட ஏற்பாடா மாறிப்போச்சு என்பதுதான்.

கார் டயர் பஞ்சரானா ஸ்டெப்னி மாட்டுவோம். ஸ்டெப்னியிலேயே வருஷக்கணக்கா ஓட்டினா? அதுவும் டிரைவரே சொந்தக் காசில் வாங்கி மாட்டின ஸ்டெப்னி!

"ஒரு ஜிபி என்ன பெரிய காசா டாக்டர்?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. காசு சின்னதுதான். ஆனா கணக்கு அதோட முடியலை.

தினம் 1.5 ஜிபி பேக்ல லேப்டாப்பை இணைச்சா, நாம போடுற என்ட்ரி சில எம்பிதான் எடுக்கும். பின்னாடி விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பிச்சா மொத்தத்தையும் குடிச்சிடும். டேட்டா முடிஞ்சதும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிடும். அப்புறம் கர்ப்பிணி அனுப்புற ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோ வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டே இருக்கும். ஹாட்ஸ்பாட் போட்ட போன் சூடாகும், சார்ஜ் கடகடன்னு இறங்கும். அந்த சிஸ்டர் வேற வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகணும்னாலும் போன் லேப்டாப் பக்கத்திலேயே கிடக்கணும்.

இன்னொண்ணு, நோயாளியின் ரகசியம். அவசரத்தில் வைக்கிற பாஸ்வேர்டு பெரும்பாலும் 12345678. அதைப் பக்கத்தில் இருக்கிற நாலு பேருக்குச் சொல்லியாச்சு. யாருக்கு என்ன நோய் என்கிற விவரம் ஏறுகிற லேப்டாப்பும் அதே இணைப்பில்தான் இருக்கு. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்தாச்சு. சட்டம் ஏட்டில் இருக்கு, பாஸ்வேர்டு ஊருக்கே தெரியுது.

தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் இருக்கு. எங்க பக்கமே சிறுமலை அடிவாரத்துக்குப் போனா சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அங்கே சிஸ்டர் என்ன ஹாட்ஸ்பாட் போட்டு என்ன செய்ய?

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை.

1. நெட் லைன் போனால் மாற்றாக, ஒவ்வொரு நிலையத்துக்கும் பேட்டரி வைத்த சின்ன சிம் ரவுட்டர் ஒண்ணு வேணும். அதன் ரீசார்ஜ் அலுவலகக் கணக்கில் போகட்டும்.

2. நெட் இல்லாதபோதும் என்ட்ரி போட்டு சேமித்து, சிக்னல் வந்ததும் தானாக ஏறும்படி மென்பொருள் இருக்கட்டும். இது எப்பவோ வந்த தொழில்நுட்பம்தான்.

3. லைன் இல்லாத நாளில் "இன்னைக்கே முடி"ன்னு நெருக்க வேண்டாம். ஒரு நாள் தாமதத்தை ஏத்துக்கலாம்.

4. சிஸ்டரின் போன் தாய்மார்களுக்கானது. அதை லேப்டாப்போட கட்டிப் போடாதீங்க.

இனி, வீட்டில் ஹாட்ஸ்பாட் போடுற உங்களுக்குச் சில வார்த்தைகள்.

லேப்டாப் வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று மாற்றி வைங்க. அப்டேட் பெரும்பாலும் அடங்கிடும். முடிந்தால் வைஃபைக்குப் பதில் யுஎஸ்பி கேபிளில் இணைங்க. நெட் நிலையா வரும், போனும் கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஆகும். பாஸ்வேர்டை நீளமா வைங்க, வேலை முடிஞ்சதும் அணைச்சிடுங்க. போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு இலவச வைஃபையில் பேங்க் வேலை பார்ப்பதைவிட உங்க சொந்த ஹாட்ஸ்பாட் பாதுகாப்பானது. முக்கியமா, வீட்டில் கர்ப்பிணியோ இதய நோயாளியோ இருந்தால் அவசரத்துக்குக் கூப்பிடுற போனில் ஹாட்ஸ்பாட் போடாதீங்க. வேற போனில் போடுங்க.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு, இதை மட்டும் சுவத்துல எழுதி ஒட்டுங்க. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகம் கை திடீர் வீக்கம், ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது. இதில் ஒண்ணு இருந்தாலும் சிஸ்டர் போன் எடுக்கலைன்னு காத்திருக்காதீங்க. உடனே 108. சந்தேகம் கேட்க 104.

அந்த சிஸ்டர் இப்போ சொந்தக் காசில் ரெண்டாவது போன் ஒண்ணு வாங்கியிருக்கார். லேப்டாப்புக்கு ஒண்ணு, தாய்மார்களுக்கு ஒண்ணு. "இனிமே அப்படி ஆகாது சார்"னு சொன்னார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரலை. அவர் வாங்கியிருக்க வேண்டிய போன் இல்லைங்க அது.



ஓர் அரசு மருத்துவர்
சின்னாளப்பட்டி