இன்டெல் பக்தர்களுக்கு

காலை நடையில் கூட வரும் நண்பர், பேரனுக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார். “இன்டெல்தான் சார், ஏஎம்டி சூடாகும்னு கடைக்காரர் சொல்லிட்டார்” என்றார். அது ரைசனுக்கு முந்தைய கதை, அப்போது உண்மையும்கூட.

ஆனால் இன்டெல் செய்ததையும் கேளுங்கள். கோர் என்றால் பிராசசருக்குள் வேலை பார்க்கும் ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம். 2011 முதல் 2017 தொடக்கம் வரை, சாதாரண டெஸ்க்டாப்புக்கான ஐ7-ல் நாலே ஆள். ஆறு வருஷம்! எட்டு வேண்டுமென்றால் ஆயிரம் டாலர் அழவேண்டும். 2017 மார்ச்சில் ரைசன் 7 வந்தது. எட்டு கோர், அதில் உயர்ந்த மாடலே 499 டாலர். அக்டோபரிலேயே இன்டெல்லுக்கு ஞானோதயம், ஐ7-ல் ஆறு கோர். (அதற்கும் புது மதர்போர்டு வாங்கச் சொன்னார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.) 2017-ல் 303 டாலருக்கு விற்ற ஐ7-7700-ன் அதே நாலு கோர், 2020-ல் ஐ3-10100 என்ற பெயரில் 122 டாலருக்கு வந்தது. யார் புண்ணியம்?

நான் ஏஎம்டிக்கு ஏஜென்ட் இல்லை. இதை டைப் அடிப்பதே அந்த ஐ3-ல்தான். நண்பரிடம் சொன்னேன்: “இதே விலைக்கு ரைசன்ல எத்தனை கோர்னு மட்டும் கேளுங்க.” சாயங்காலம் கேட்கப் போயிருக்கிறார்.