சித்திரக்காரரும் மரமும்

மரத்தைச் சித்திரத்தில் எழுதப் புகும் மாணவர் பெரும்பாலும் இலையிலிருந்தே தொடங்குகின்றனர். அடிமரம் ஒன்றை நிறுத்தி, நான்கு கிளைகளை இட்டு, பின்னர்ப் பச்சை வர்ணத்தால் இலைகளை ஒவ்வொன்றாக நிரப்புகின்றனர். உழைப்பிலே குறைவில்லை, ஆயினும் முடிவில் தாளில் நிற்பது மரமன்று, இலைக்கூட்டமே. மரத்தை முதலில் ஒரு முழு உருவாகக் காணக் கற்றலே சித்திரப் பயிற்சிக்கு அடிப்படையாம் என்பது எமது கருத்து.

இவ்வுண்மையைப் பாஸ்டல் என்னும் வர்ணக்குச்சி நன்கு போதிக்கின்றது. வர்ணப்பொடியைச் சிறிதளவு பிசினோடு பிசைந்து, குச்சியாக உருட்டி உலர்த்தியதே பாஸ்டல். சொரசொரப்பான தாளிலேதான் அது நன்கு பற்றும். அதன் முனை தடித்தது, விரைவில் மழுங்குவது. இலையை எண்ணி எழுத விரும்புவோனுக்கு அது உதவாது. கண்களைச் சற்றே சுருக்கி, ஒளி எங்கே, நிழல் எங்கே, கிளைகளினூடே வானம் தோன்றுமிடம் எது என்பவற்றையே அவன் நோக்க வேண்டியவனாகின்றான். நீர்வர்ணத்தில் வெண்மை வேண்டுமிடத்தைத் தாளாகவே விட்டுவைப்பது வழக்கம். பாஸ்டலிலோ கருநிறத்தின்மேல் வெளிர்நிறத்தை இடலாம். ஆதலின் தழையை முதலில் இருளாக அமைத்து, வானத்தின் துண்டுகளைப் பின்னர் அதனுள் வைத்தல் இயலும்.

இம்முறையில் வல்லவராய் விளங்கியவர் பிரான்ஸ் தேசத்து மில்லே (1814-1875). உழவர் குடியிற் பிறந்த இவர், 1849 முதல் பாந்தேன்புளோ வனத்தின் ஓரத்திலுள்ள பார்பிஸோன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1865 முதல் கவே என்னும் கட்டடக்கலைஞரின் வேண்டுகோட்கிணங்கப் பல பாஸ்டல் சித்திரங்களை எழுதினார். கருங்குச்சியால் முதலில் உருவை வரைந்துகொண்டு, அதன்மேல் வர்ணக் கோடுகளை அருகருகே இடுவார். இடையிடையே தாளின் நிறத்தையும் வெளித்தோன்ற விடுவார். வெளியே சென்று நோக்கியதை மனத்தில் இருத்தி, வீட்டில் அமர்ந்தே பெரும்பாலும் எழுதினார். நினைவிலே நிற்பது இலையின் எண்ணிக்கையன்று. மரத்தின் நிலையும் சாய்வும் கனமுமே என்பதை இதனால் அறியலாம். 1875ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இச்சித்திரங்கள் ஏலத்துக்கு வைக்கப்பட்டபோது, அவற்றைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தவர்களுள் 22 வயதினரான வின்சென்ட் வான் கோவும் ஒருவர்.

இலையை விடுத்தால் உண்மை குன்றாதோ எனச் சிலர் வினவுவர். தாவர நூலார்க்கு இலையின் நரம்பும் விளிம்பும் இன்றியமையாதன. அவர்க்கென எழுதும் சித்திரம் வேறு. நுண்மை வேண்டின் புகைப்படக் கருவியும் உண்டு. சித்திரக்காரர் கூற வேண்டிய உண்மையோ, இம்மரம் பிற மரமன்று, காற்றையும் வெயிலையும் தாங்கி இவ்விடத்தில் இவ்வாறு நிற்பது என்பதேயாகும்.

இவ்வாறு காணும் கண் பயனற்றதன்று. மில்லேயின் நண்பரும் அயலாருமான தியோடோர் ரூஸோ என்னும் சித்திரக்காரர், அவ்வனத்தின் பழைய ஓக் மரங்களைத் தனித்தனியே அறிந்து எழுதியவர். அவை வெட்டுண்டு வீழ்வதைப் பொறாது 1852இல் அரசாங்கத்துக்கு முறையிட்டார். அதன் பயனாக வனத்தின் ஒரு பகுதி காக்கப்பட்டது. 1861இல் பிறந்த ஆணையால் 1,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் அதன் அழகின் பொருட்டே ஒதுக்கப்பட்டது. மரங்களைக் கட்டைக்கணக்காகவே கண்டோர் வெட்டினர். உருவாகக் கண்டோர் அவற்றுக்காக வாதாடினர்.

ஆதலின், மாணவ நண்பர்களே, அச்சுப்படத்தைப் பார்த்து மரம் எழுதும் வழக்கத்தை விடுமின். ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு, காலையிலும் மாலையிலும் அதனை நோக்குமின். பின்னர்ப் பழுப்புத் தாளும் சில வர்ணக்குச்சிகளும் கொண்டு, இருளை முதலில் இடுமின். கை நடுங்கினும் குற்றமில்லை. நும் சித்திரத்தைக் கண்டவர், மரங்கள் பலவற்றிடையே அம்மரத்தை அடையாளங் காண்பாராயின், அதுவே போதும்.