பெரிய கீபோர்டு வாங்கப் போகிறீர்களா?

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று சமையலறைச் சாமான்களையே அலசிக்கொண்டிருந்த இந்தப் பகுதிக்கு இன்று ஒரு புது விருந்தாளி. கம்ப்யூட்டரில் தட்டுகிற கீபோர்டு! "அது பிள்ளைகள் பாடு, நமக்கென்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. பணம் எடுத்துக் கொடுப்பது நாம். அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டியவர்களும் நாம். மணிக்கட்டு வலிக்கிறது என்று பிள்ளை வந்து நின்றால் தைலம் தேய்த்துவிடப் போகிறவர்களும் நாமேதான். ஆகவே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

எங்கள் நெட்டுக்குப்பம், எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு வந்து கலக்கும் கழிமுகம். ஆண்கள் விடியலுக்கு வெகு நேரம் முன்பே படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எதிர்வீட்டுத் தங்கச்சியின் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒரு மாதத்துக்கு முன் அவள் வந்து என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"யக்கா, பையன் ஒரே அடம் புடிக்கிறான். கேம் ஆட மெக்கானிக்கல் கீபோர்டு வோணுமாம். பெரிய சைஸாம். அஞ்சாயிரம் ரூபா சொல்றான்! அந்தத் துட்டு இருந்தா வலையாவது சரி பண்ணலாம். நீதான் டைப்படிச்ச ஆளாச்சே, இன்னான்னு பார்த்துச் சொல்லு."

"பெரியவ என்ன சொல்றா?"

"அவகிட்ட யாரு கேட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியவள் பி.காம். படித்தவள். மாலை நாலு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை, ஒரு கன்டெய்னர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பில் கணக்கு ஏற்றுகிறாள். எழுத்துத் தேய்ந்துபோன பழைய கீபோர்டில் எண் எண்ணாகத் தட்டுகிறவள் அவள். தம்பி விளையாடுவதும் அதே கம்ப்யூட்டரில்தான். ஆக, வாங்கப் போகிற சாமான் ஒன்று. உபயோகிக்கப் போகிறவர்கள் இரண்டு பேர். சகித்துக்கொள்ள வேண்டியவர் மூன்றாவது ஆளான அப்பா. மூன்று பேரையும் மனசில் வைத்துத்தான் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக்கல் என்றால் என்ன?

நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கீபோர்டில் விசைகளுக்கு அடியில் ரப்பர்க் குமிழ் இருக்கும். அது நசுங்கி, அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை அழுத்தியாக வேண்டும்.

மெக்கானிக்கலில் அப்படியில்லை. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்விட்ச். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்குமென்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். விரலை ஓங்கிப் போட வேண்டியதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த சகோதரிகளுக்கு இது சட்டென்று புரியும். பழகிய விரல் குத்தாது, தொட்டுவிட்டு மேலே வந்துவிடும். அந்தப் பழக்கத்துக்கு இந்தச் சாமான் தோதானது.

ஆயுசும் அதிகம். ரப்பர் வகைக்கு ஒரு விசைக்கு 50 லட்சம் முதல் 1 கோடி தட்டு என்றும், மெக்கானிக்கலுக்கு 5 கோடி, அதற்கு மேலும் என்றும் தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். விளையாடுகிற பிள்ளைகள் இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடு, குதி, திரும்பு என்று மூன்று நாலு விசையை ஒரே சமயத்தில் அழுத்துவார்கள். சாதாரண கீபோர்டு குழம்பி ஒன்றிரண்டை விழுங்கிவிடும். நல்ல கேமிங் கீபோர்டு எத்தனை அழுத்தினாலும் அத்தனையும் வாங்கிக்கொள்ளும். இதற்கு "என்-கீ ரோல்ஓவர்" என்று பெயர். பெட்டியின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீலமா, சிவப்பா, பழுப்பா?

ஸ்விட்சுக்கு நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி தொடங்கி வைத்த வழக்கம் இது. இன்று சீனக் கம்பெனிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன.

நீலம் 'டிக் டிக்' என்று சத்தம் போடும். அழுத்தவும் சற்று பலம் வேண்டும். செர்ரி கணக்கில் சுமார் 60 கிராம். சிவப்பு வழவழவென்று இறங்கும், 45 கிராம் போதும். பழுப்பு இரண்டுக்கும் நடுவில்: 'டிக்' சத்தம் கிடையாது, ஆனால் எழுத்து விழுகிற இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சுமார் 55 கிராம்.

நீலத்தின் சத்தம் கடையில் கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் எதிர்வீடு ஒரே ஹால். அப்பா எட்டு மணிக்குப் படுத்து ரெண்டரைக்கு எழுந்திருப்பவர். அவர் தலைமாட்டிலிருந்து ஆறடி தூரத்தில் பெண் பத்து மணி வரை தட்டுவாள். தூக்கம் கெட்ட மனுஷன் அலையில் நின்று வலை இழுத்தால் என்ன ஆகும் என்பதை மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீலம் அந்த இடத்திலேயே தள்ளுபடி!

சிவப்பிலும் பழுப்பிலும் சத்தமே இராது என்று நினைக்க வேண்டாம். ஓங்கித் தட்டினால் அடியில் மோதுகிற 'டொக்' சத்தம் உண்டு. கீபோர்டுக்கு அடியில் தடித்த கம்பளித் துணியோ ரப்பர் பாயோ போட்டால் மேஜை அதிர்வது குறையும். உள்ளேயே சத்தம் அடக்கும் ரப்பர் வைத்த "சைலன்ட்" ஸ்விட்சுகளும் வந்திருக்கின்றன.

முழு அளவா, குட்டையா?

முழு அளவு என்றால் 104 விசைகள். வலது கோடியில் கால்குலேட்டர் மாதிரி எண் பகுதி இருக்கும். அதை வெட்டிவிட்டால் 87. இன்னும் குட்டையானதில் 61தான். விளையாட்டுக்கு மட்டுமென்றால் குட்டைதான் சௌகரியம், மவுஸை வீச இடம் கிடைக்கும். ஆனால் வீட்டில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருந்தாலும் முழு அளவையே வாங்குங்கள். எண் பகுதியில் ஒரு கை பழகிவிட்டால் பில்லைப் பார்த்த கண்ணை எடுக்காமல் தட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. முழு கீபோர்டு ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் அகலம். மவுஸ் வலது பக்கம் தள்ளிப்போய், தோள்பட்டை விரிந்து விரிந்து வலிக்கும். ஆகவே வாங்குமுன் மேஜையை அளந்துகொள்ளுங்கள். எதிர்வீட்டில் அது பழைய தையல் மெஷின் மேஜை! எழுத்துத் தட்டும்போது கீபோர்டின் நடுவை அல்ல, 'பி' விசையைத் தொப்புளுக்கு நேராக வைக்க வேண்டும். விளையாடும்போது கீபோர்டையே இடது பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

உப்புக்காற்றும் சாம்பலும்

எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பியும் ஃபிரிட்ஜ் காலும் துருப்பிடிக்கிற வேகம் உங்களுக்குத் தெரியாது. போதாததற்கு அனல் மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூசி. ஸ்விட்சுக்குள் இருப்பதும் உலோகம்தானே? அதில் களிம்பு ஏறினால் ஒரு எழுத்து ரெண்டு தடவை விழும், அல்லது விழவே விழாது. கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு 500 என்பது 5500 ஆகிவிட்டால் என்ன கதி?

ஆகவே கடலோர வீட்டுக்காரர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, "ஹாட்ஸ்வாப்". பற்றவைக்காமலே கெட்டுப்போன ஸ்விட்சை மட்டும் பிடுங்கி வேறு செருகலாம். மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். இரண்டாவது, தனியாகக் கழற்றும் வயர். பிளக் முனை துருப்பிடித்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவது, விசை மூடிகள் 'பிபிடி' பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். அது சீக்கிரம் வழவழப்பாகாது. எழுத்து மேலே அச்சடித்ததாக இல்லாமல் உள்ளேயே வார்த்ததாக இருந்தால் அழியவும் அழியாது.

உலோகம் உலோகத்தைத் தொடாமல், ஒளியாலோ காந்தத்தாலோ இயங்கும் ஸ்விட்சுகளும் உண்டு. உப்புக்காற்றுக்கு அவை மேல். ஆனால் காந்த வகைக்கு விலை அதிகம். ஒன்று கெட்டால் அதே இனத்து ஸ்விட்சைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும்.

பராமரிப்பு சுலபம். வேலை முடிந்ததும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் துணி போட்டு மூடுங்கள். மாதம் ஒரு முறை மூடிகளைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஸ்விட்சின் மேல் ஈரத்துணி கூடாது. "கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டா சரியாப்பூடும்" என்று வீட்டு ஆண்கள் கிளம்புவார்கள், கிட்டே விடாதீர்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கழிமுகத்து வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் பிளக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுவதுதான் புத்தி.

கடையில் என்ன நடந்தது?

பையன், பெண் இருவரையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரப் பையன் முதலில் விளக்கைத்தான் போட்டுக் காட்டினான். ஏழு வண்ணத்திலும் அலை அலையாக ஓடியது. தம்பிக்குக் கண் இமைக்கவில்லை. "விளக்கை அணைச்சிட்டுக் காட்டுப்பா" என்றேன். விளக்கு விலையைக் கூட்டும். விரலுக்கு ஒன்றும் செய்யாது.

பிறகு கடைக் கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தோம். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளை இரண்டு ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

பெண்ணையும் உட்காரவைத்தேன். அவள் ஒரு பில்லைப் பார்த்தபடி எண்களைத் தட்டினாள். சிவப்பில் விரல் சும்மா பட்டாலே எண் விழுந்துவிட்டது. பழுப்பில் மேடு தட்டுப்படுவதால் விழுந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரிந்தது. "எனக்கு இதுதான்" என்றாள். தம்பிக்கோ சிவப்புதான் வேண்டும். கடையிலேயே சண்டை!

ஹாட்ஸ்வாப் அங்கேதான் கைகொடுத்தது. சிவப்பு ஸ்விட்ச் போட்ட 104 விசை கீபோர்டை எடுத்துக்கொண்டோம். அதில் பொருந்துகிற பழுப்பு ஸ்விட்சுகள் ஒரு பொட்டலம் தனியாக வாங்கி, எண் பகுதியின் 17 விசைகளுக்கு மட்டும் மாற்றிவிட்டோம். அக்காவுக்கு அக்கா பக்கம், தம்பிக்குத் தம்பி பக்கம்! எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் அடங்கியது. பாதிப் பணம் பெண்ணின் சம்பளத்திலிருந்து. அதை வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி நான்தான் சொன்னேன். 'கேம் கீபோர்டு' என்று பெயர் வைத்துவிட்டால் அது பையன் சாமான் ஆகிவிடுகிறது. சம்பாதித்துக் கொடுக்கும் கை யாருடையது என்பதும் தெரிய வேண்டாமா?

பில்லும் வாரன்டி அட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கை பத்திரம்

நல்ல கீபோர்டு வலியை வரவிடாது என்று எண்ண வேண்டாம். இவை உயரமானவை. பின்னாலுள்ள கால்களை மடக்கியே வையுங்கள். மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக இருக்கவேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும். தட்டாத நேரத்தில் உள்ளங்கை சாய ஒரு துண்டை மடித்து வைத்தாலே போதும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கையை உதறிவிட்டு வாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போனால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் இந்தக் கோளாறு பெண்களுக்குத்தான் அதிகம். கர்ப்ப காலத்திலும், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் இன்னும் கவனம் தேவை.

விளையாட்டு எல்லை மீறினால் அதுவும் நோய்தான் என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தவித்தால் திட்டிப் பயனில்லை, வைத்தியம்தான் வேண்டும். எதிர்வீட்டில் பத்து மணிக்குப் பெண்ணின் வேலை முடிந்ததும் கீபோர்டுக்குத் துணி விழுந்துவிடும். தம்பிக்கும் அதே சட்டம்.

கடைசியாக ஒன்று. பகலில் அது சும்மாதானே கிடக்கிறது? தமிழில் தட்டத் தனி கீபோர்டு வேண்டியதில்லை. 1999ல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் வந்துவிடும். தினம் அரை மணி நேரம், ஒரு மாதம் பழகிப் பாருங்கள். அடுத்த கடிதத்தை இந்தப் பகுதிக்கு நீங்களே தட்டி அனுப்பலாமே!