வாசலில் நிற்க நிஜ ஸ்பிட்ஃபயர் எதற்கு?

பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்கள் பலவற்றின் வாசலில் ஒரு விமானம் நிற்கும். கம்பத்தின் மேல் பறப்பது போல இருக்கும், இல்லாவிட்டால் புல்தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். 'கேட் கார்டியன்' என்று பெயர், அதாவது வாயிற்காவலர். ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் கடைசி வரை இந்த உத்தியோகத்தைப் பல தளங்களில் பார்த்தவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து அசல் விமானங்கள். முக்கியமாக ஸ்பிட்ஃபயர், கூடவே சில ஹரிகேன்கள்.

எண்பதுகளின் இறுதியில் அவற்றை அகற்றிவிட்டு ஃபைபர் கிளாஸ் பொம்மைகளை நிறுத்தினார்கள். "அசலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கை வைத்துவிட்டார்களே, வீரர்களுக்கு அவமரியாதை இல்லையா?" என்று புலம்புகிறவர்கள் உண்டு. புலம்ப வேண்டியதுதான், ஆனால் வேறு காரணத்துக்கு. இதை முப்பது வருடம் முன்னாலேயே ஏன் செய்யவில்லை என்று புலம்ப வேண்டும்.

நம்மூர் ஐயனார் கோயில் வாசலைப் பாருங்கள். வரிசையாக மண் குதிரைகள் நிற்கும். வெயிலில் வெடிக்கும், மழையில் கரையும், கால் உடையும். குயவர் புதிதாக ஒன்று செய்து கொடுப்பார், ஊர் கூடி எடுத்து வரும். ஐயனாருக்கு மரியாதை குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. நிஜக் குதிரையைத்தான் நிறுத்துவோம் என்று ஒன்றைக் கட்டிப்போட்டு, தண்ணீர் காட்டாமல் சாகவிட்டால் அதற்குப் பக்தி என்று பெயர் கிடையாது. பிரிட்டன் செய்தது ஏறக்குறைய அதைத்தான்.

மொத்தம் 20,000-க்கும் மேல் ஸ்பிட்ஃபயர்கள் தயாரிக்கப்பட்டன. போர் முடிந்து ஜெட் விமானங்கள் வந்ததும் அவை வேண்டாத சுமை ஆகிவிட்டன. 1940 பிரிட்டன் வான்போரில் பங்கெடுத்த P7350 என்ற விமானம் (இந்த எண்ணைத் தமிழில் பி.7350 என்று படித்துக்கொள்ளலாம்) 1948-ல் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்கப்பட்டது. விலை 25 பவுண்டு! வாங்கியவர்களுக்கே மனசு கேட்காமல் கோலர்ன் தளத்து அருங்காட்சியகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அது இன்றைக்கும் விமானப்படையின் நினைவுப் பறப்புப் பிரிவில் இருக்கிறது. இத்தனைக்கும் போரின்போது பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட ஒரு ஸ்பிட்ஃபயருக்கு வைத்த கணக்கு 5,000 பவுண்டு. காலனி நாடுகளிலிருந்தும் அந்தப் பணம் போனது. மெட்ராஸ் மாகாணம் திரட்டிக் கொடுத்த போர் நிதிக்கு நன்றியாக, ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்ஸி' என்றே பெயர் சூட்டினார்கள். (யார் பணத்தை யார் கேட்டு யார் கொடுத்தார்கள் என்பது தனிக்கதை.)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் நிறுத்தியதால்தான் சில விமானங்கள் உலைக்குப் போகாமல் தப்பின. அது உண்மை. ஆனால் காப்பாற்றிய பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஸ்பிட்ஃபயர் திறந்தவெளியில் பல வருடம் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. போர் அவசரத்தில், சில மாதம் பறந்தால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு, எஃகு போல்ட்டுகள், மெக்னீசியம் கலவையில் வார்த்த பாகங்கள். வெவ்வேறு உலோகங்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் ஒன்று இன்னொன்றைத் தின்ன ஆரம்பிக்கும். பிளஸ் டூ வேதியியல்தான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இங்கிலாந்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மான்ஸ்டன் மாதிரி கடலோரத் தளம் என்றால் உப்புக் காற்று வேறு. அணிவகுப்புக்கு முன்னால் மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் தூரத்திலிருந்து பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். பெயிண்டுக்கு அடியில் நடப்பது வருகிற அமைச்சருக்குத் தெரியாது.

பி.காம் முதல் வருடப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இது ஏன் நடந்தது என்பது உடனே புரியும். பயன்படாது என்று கழித்துக் கட்டிய சொத்துக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்குத் தேய்மானம் போட முடியாது. ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த விமானம் எவ்வளவு செத்தாலும் எந்தப் பேரேட்டிலும் நஷ்டம் ஏறாது. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் P9374 என்ற ஸ்பிட்ஃபயர் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது வாசலில் நின்றதல்ல, பிரான்சின் கலே கடற்கரை மணலுக்குள் 1980 வரை புதைந்து கிடந்ததைச் சீர்செய்தது. மணலுக்குள் கிடந்ததற்கே அந்த மதிப்பு என்றால், வாசலில் நின்றவற்றுக்கு ஒரு கூரை போட யோசித்தவர்களை என்ன சொல்வது?

தெரியாமல் விட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. 1969-ல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்துக்காக வாசல் காவலர்களைத் தேடிப்பிடித்து இறக்கிப் பழுதுபார்த்தார்கள். சில தரையில் ஓடின. டாங்மியர் தளத்து வாசலில் நின்ற TE311-ம் அதில் ஒன்று, தரையில் ஓடியது. ஒரு சினிமாக்காரருக்குத் தெரிந்த மதிப்பு விமானப்படைக்கும் கண்முன்னே தெரிந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் என்ன செய்தார்கள்? பலவற்றைத் திரும்பவும் வெட்டவெளியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள்! TE311-க்கு அதிர்ஷ்டம், 2012-ல் மறுபடி பறந்தது.

கடைசியில் 1988 வாக்கில்தான் விடிந்தது. ஹிஸ்டாரிக் ஃப்ளையிங் என்ற நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் ஒரு பண்டமாற்று செய்துகொண்டது. வாசலில் நின்ற ஐந்து ஸ்பிட்ஃபயர்கள் நிறுவனத்துக்கு. பதிலுக்கு வாசல்களுக்கான ஃபைபர் கிளாஸ் மாதிரிகளும், அருங்காட்சியகத்தில் அதுவரை இல்லாத ஒரு கிட்டிஹாக்கும் ஒரு பியூஃபோர்ட்டும் அமைச்சகத்துக்கு. பொதுச் சொத்தைத் தனியாருக்குத் தாரை வார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐந்தின் இன்றைய விலையைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த விலை வாசலில் நின்ற ஸ்பிட்ஃபயரின் விலை அல்ல, பிரித்து மேய்ந்து மறுபடி கட்டிய ஸ்பிட்ஃபயரின் விலை. அக்ஸ்பிரிட்ஜ் வாசலில் நின்ற RW382 1991-லும், சீலண்ட் வாசலில் நின்ற TD248 1992-லும் வானத்தில் ஏறின. அமைச்சகத்திடமே விட்டிருந்தால் அடுத்த கோட் பெயிண்ட் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. "கழற்றினால் பறக்க விடுவீர்கள், பறந்தால் விழும்." MK356 என்ற விமானம் 1944 ஜூனில் நார்மண்டிப் போரில் பறந்தது. பிறகு ஹாக்கிஞ்சிலும் லாக்கிங்கிலும் வாசல் காத்தது. 1997-ல் மறுபடி பறக்கவைத்தார்கள். 2024 மே 25 அன்று கோனிங்ஸ்பி அருகே விழுந்தது. ஓட்டிய விமானப்படை அதிகாரி இறந்துபோனார். ஒரு உயிர் போன விஷயத்தை வாதத்துக்காகச் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. பழைய விமானங்கள் பறக்க வேண்டுமா என்பது தனி விவாதம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசலில் மழையில் நிறுத்துவதற்கு அந்த விபத்து சாட்சி ஆகாது. பறக்கவிடுவது, நனையவிடுவது என்று இரண்டே வழியா இருக்கிறது?

மான்ஸ்டனில் மூன்றாவது வழியைச் செய்து காட்டினார்கள். அங்கே வாசலில் நின்ற TB752-வை ராயல் ஏரோநாட்டிக்கல் சொசைட்டியின் மெட்வே கிளைத் தன்னார்வலர்கள் 1978-79-ல் பிரித்துச் சரிசெய்தார்கள். திரும்பவும் வெளியே நிறுத்த மனமில்லாமல் அதற்கென்று ஒரு கட்டடம் எழுப்பினார்கள், 1981-ல் திறந்தது. பென்ட்லி பிரையரியில் வெளியே நின்ற ஹரிகேன் LF751-ஐயும் அதே குழு சீர்செய்து 1988-ல் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. விமானப்படைத் தளம் 1999-ல் மூடப்பட்டுவிட்டது. இரண்டு விமானங்களும் அங்கேயே கூரைக்கு அடியில் ஜம்மென்று இருக்கின்றன. பறக்கவில்லை, நனையவுமில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவும் நடந்த பிறகு பாடம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மார்ஹம் தளத்து வாசலிலும் லாசிமவுத் தளத்து வாசலிலும் நிஜ டொர்னேடோக்கள் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டன. 1991 வளைகுடாப் போரில் இறங்கிய ரகம், 2019-ல்தான் ஓய்வு பெற்றது. கேட்டால் "அதுதான் நிறைய இருக்கிறதே" என்பார்கள். 1955-ல் ஸ்பிட்ஃபயருக்கும் இதையேதான் சொன்னார்கள். போரில் பறந்த டொர்னேடோக்கள் எவை என்று பட்டியல் எடுத்து, அவற்றைக் கூரைக்குள் தள்ளிவிட்டு, வாசலுக்கு அதே அச்சில் ஒரு ஃபைபர் கிளாஸ் பொம்மை செய்ய எவ்வளவு செலவாகும் என்று ஒரு விலைப்புள்ளியாவது வாங்கிப் பார்க்கலாம்.