கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்றினீர்களா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வன்னியம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே சாலை ஓரத்தில் ஒரு வாடகைக் கார் நின்றுவிட்டது. டிரைவர் கியர் கம்பியைப் பிடித்து இழுத்தார், தள்ளினார். "கர்... கர்..." என்று சத்தம் வந்ததே தவிர, கியர் விழவில்லை.

மெக்கானிக் வந்தார். வயதானவர். வண்டிக்கு அடியில் படுத்தார். கியர் பெட்டியின் பக்கத்தில் உள்ள ஒரு திருகைக் கழற்றி, உள்ளே விரலை விட்டார். விரலில் கறுப்பாக எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெயிலில் காட்டினார். பொன் துகள் போல மினுமினுத்தது.

"தம்பி, இந்த எண்ணெயை எப்போ மாத்தினீங்க?"

"போன மாசம்தான் மாத்தினேன், அண்ணாச்சி."

"அது என்ஜின் எண்ணெய். நான் கேக்கிறது கியர் பெட்டி எண்ணெய்."

டிரைவர் விழித்தார்.

"அதை வேற மாத்தணுமா?"

மாற்றவில்லை! வண்டி வாங்கியது முதல் ஒரு தடவைகூட மாற்றவில்லை!

விரலில் மின்னியது பொன் அல்ல, பித்தளை. கியர் பெட்டிக்குள் இருக்கும் வளையங்கள் தேய்ந்து உதிர்ந்த தூள். பெட்டியைக் கழற்றிப் பிரித்தார்கள். நான்கு நாள் வண்டி ஓடவில்லை. நான்கு நாள் வருமானம் போயிற்று. பல ஆயிரம் ரூபாய் செலவும் வந்தது. அந்த மாதம் கடன் தவணை கட்ட, வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிற்று.

"அதை வேற மாத்தணுமா?" - இந்தக் கேள்வி அந்த டிரைவருடையது மட்டும் அல்ல. கார் வைத்திருக்கும் பலருடைய கேள்வி.

ஆம், மாற்ற வேண்டும். அதைக் காரின் சொந்தக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும். யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கார் ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்கு 2 ஆயிரம், 3 ஆயிரம் தடவை சுற்றுகிறது. சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுற்றக்கூடாது. நின்ற வண்டி கிளம்ப வேகம் வேண்டாம், பலம் வேண்டும். நேர் சாலையில் ஓட வேகம் வேண்டும். பலத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் கியர் பெட்டியின் வேலை.

உள்ளே பல் சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு பல்லை இன்னொரு பல் அழுத்தித் தள்ளுகிறது. குடும்பம் முழுவதும் ஏறிய வண்டியின் சுமை, ஒரு சமயத்தில் இரண்டொரு பற்களின் மேல்தான் விழுகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருப்பது என்ன? மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்றுவிடும்.

இன்னொரு பாகமும் உண்டு. அதற்கு 'சிங்க்ரோமெஷ்' என்று பெயர். கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கி, சத்தம் இல்லாமல் சேர்த்து வைப்பது இதுதான். 1928-ம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் காரில் முதலில் வந்தது. அதற்கு முன்பு டிரைவர்கள் ஒரு தடவை கியர் மாற்ற இரண்டு தடவை கிளச்சை மிதிப்பார்கள். இந்த சிங்க்ரோமெஷ் வளையங்கள் பல கார்களில் பித்தளையால் ஆனவை. அந்த மெக்கானிக்கின் விரலில் மின்னியது இதுதான்.

வடை சுட்ட எண்ணெய்

"என்ஜினில் நெருப்பு எரிகிறது, எண்ணெய் கெடுகிறது. கியர் பெட்டியில் நெருப்பு இல்லையே? அங்கே எண்ணெய் ஏன் கெட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. கியர் எண்ணெய் எரிந்து குறைவதில்லை. ஒழுகல் இல்லாவிட்டால் அளவு அப்படியே இருக்கும். ஆனால் அளவு இருந்தால் போதுமா? குணம் இருக்க வேண்டாமா?

என்ஜின் எண்ணெயை வடிகட்ட ஒரு வடிகட்டி உண்டு. பெரும்பாலான கியர் பெட்டிகளில் அது கிடையாது. தேய்ந்து உதிரும் தூள் உள்ளேயே சுற்றுகிறது. சில பெட்டிகளில் அடித் திருகில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது இரும்புத் தூளைப் பிடிக்கும். பித்தளைத் தூளைப் பிடிக்காது. சூட்டினாலும் பல் நசுக்குவதாலும் எண்ணெய் நாளடைவில் பலம் இழக்கிறது.

ஒரே சட்டி எண்ணெயில் ஐந்து வருஷம் வடை சுட்டால் சாப்பிடுவீர்களா? கியர் பெட்டிக்கு மட்டும் அதை ஊற்றி வைக்கிறோம்!

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரின் கியர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டால், எண்ணெய் மோர் போல வெளுத்துவிடும். அந்த எண்ணெயோடு ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

எந்த எண்ணெய்?

கியர் எண்ணெய் டப்பாவைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும். அது கந்தகச் சேர்மானத்தின் நாற்றம். பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி இருக்கும் நம் விருதுநகர் மாவட்டத்தாருக்குக் கந்தகம் புதிதல்ல. பல்லின் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாக்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரமும் கலந்த மருந்துகளை எண்ணெயில் சேர்க்கிறார்கள்.

இந்த மருந்து அளவாக இருக்க வேண்டும். டப்பாவில் 'ஜி.எல்.-4', 'ஜி.எல்.-5' என்று போட்டிருக்கும். ஐந்தில் மருந்து அதிகம். "நாலைவிட ஐந்து பெரியது, ஆகவே ஐந்துதான் நல்லது" என்று சிலர் வாங்கி ஊற்றுகிறார்கள். இது தவறு. அதிக மருந்து சில வகைப் பித்தளை வளையங்களை அரிக்கும். புளிக்குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறுவது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஈயம் பூசுவது அதற்காகத்தானே?

"கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும்" என்பதும் தவறான யோசனை. சத்தம் அடங்கலாம்; நோய் அடங்காது.

காரோடு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு தடவை என்று அதில் இருக்கிறது. அதுதான் சட்டம். சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 2 லிட்டர்தான் பிடிக்கும்.

எப்படி மாற்றுவது?

வேலை பெரியதல்ல. ஆனால் முறை உண்டு.

முதலில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். எண்ணெய் இளகும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி சறுக்கி உயிர் போனவர்கள் உண்டு. நிலையான தாங்கிகளை வைக்க வேண்டும்.

அடுத்தது முக்கியம். எண்ணெய் ஊற்றும் மேல் திருகை முதலில் கழற்ற வேண்டும். ஏன்? அடித் திருகைக் கழற்றி எண்ணெயை எல்லாம் வடித்த பிறகு, மேல் திருகு துருப்பிடித்துக் கழலாவிட்டால் என்ன செய்வது? வண்டி அங்கேயே கிடக்கும்!

பிறகு அடித் திருகைக் கழற்றி எண்ணெயைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் பயம் இல்லை. அது சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் ஆபத்து. பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, அடித் திருகை மூட வேண்டும். பெட்டி பெரும்பாலும் அலுமினியம். பலத்தை எல்லாம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். பல கார்களில், புது எண்ணெயை மேல் துவாரத்தின் விளிம்பு வரை, இலேசாக வழியும் வரை, ஊற்றினால் சரியான அளவு. மேல் திருகை மூடிச் சிறிது தூரம் ஓட்டி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே செய்ய வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மலை இறக்கத்தில்...

"கியர் கொஞ்சம் கடினமாக விழுகிறது. அதனால் என்ன?" என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு.

கார்த்திகை பிறந்தால் ராஜபாளையம் வழியே ஐயப்ப பக்தர்களின் கார்கள் போகின்றன. தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன. இறக்கத்தில் சிறிய கியரில் இறங்கினால், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடேறாது.

தேய்ந்த கியர் பெட்டியில் கியர் தானாக நழுவிவிடக்கூடும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம். வண்டிக்குள் குழந்தைகள், பெரியவர்கள், இருமுடிகள். அதை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்ச் செலவு பெரிதாகத் தோன்றாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேய்ந்த பல்லைப் புது எண்ணெய் வளர்க்காது. கியர் கடினமாக விழுவதற்குக் கிளச்சும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் மருந்து அல்ல; நோய் வராமல் காக்கும் பத்தியம்.

மில்லைப் பாருங்கள்!

ராஜபாளையம் மில் 1936-ம் ஆண்டில் தொடங்கியது. அதன்பின் இந்த வட்டாரத்தில் பல நூற்பாலைகள் வந்தன. நூற்பாலையில் எண்ணெய் விடுவதற்கென்றே ஆள் உண்டு. எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் என்று கணக்கும் உண்டு. இயந்திரம் கத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை.

அங்கே வேலை செய்யும் குடும்பங்கள், வீட்டில் பழைய கார் வாங்கினால், அந்தக் கணக்கை ஏன் மறக்க வேண்டும்?

மாட்டு வண்டிக் காலத்தில் நம் பாட்டனார் அச்சுக்கு மை போடாமல் சந்தைக்குப் புறப்படவில்லை. வண்டி மாறியது, வழக்கத்தை விட்டுவிட்டோம்.

குற்றம் சொந்தக்காரர்மேல் மட்டும் அல்ல. என்ஜின் எண்ணெய்க்கு நாள் குறித்து அட்டை ஒட்டும் ஒர்க்ஷாப்காரர்கள், கியர் எண்ணெய்க்கும் ஓர் அட்டை ஒட்டினால் என்ன? பழைய கார் விற்பவர்கள், "கியர் எண்ணெய் மாற்றிய தேதி இது" என்று எழுதிக் கொடுத்தால் என்ன?

பழைய எண்ணெயைச் சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டுவதும் கூடாது. அது குடிநீரைக் கெடுக்கும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் அதைச் சேர்க்கச் சொல்கின்றன. டப்பாவில் பிடித்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் கார் இருந்தால், அந்தப் புத்தகத்தை எடுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கியர் எண்ணெய் மாற்றிய தேதியைத் தேடுங்கள். தேதி கிடைக்கவில்லையா?

அப்படியானால் நாளைக்கே மெக்கானிக்கிடம் போங்கள். மாற்றிய தேதியையும் கிலோ மீட்டரையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

நகை வீட்டிலேயே இருக்கும்!