மடிக்கு வந்த தண்ணீர் லாரி

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாரத்தில் நாலைந்து நாள், காலை பத்தரை மணி சுமாருக்குத் தண்ணீர் லாரி வருகிறது. வேளச்சேரி-தாம்பரம் சாலையின் நெரிசலையெல்லாம் கடந்து வந்து, எங்கள் ஒடுங்கிய தெருவுக்குள் தலையை நுழைத்து, வாசல் கேட்டண்டை ஒரு தரம் திரும்பி, சம்ப்பின் மூடி வரைக்கும் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து வருகையில் அது எழுப்புகிற 'பீம், பீம்' என்னும் சப்தம், நான்காவது மாடியில் எங்கள் கூடத்துக்கு நடுவிலேயே லாரி வந்து நிற்பதுபோலக் கேட்கும். 16 மாதம் நிரம்பிய என் பேத்தி அதைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்ட நாள்வரையில், இந்தச் சப்தத்தில் ரசிக்கத்தக்க அம்சம் ஏதேனும் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் படப் புத்தகத்தையோ மூடி தொலைந்துபோன எவர்சில்வர் டப்பாவையோ ஏந்திக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் யாரேனும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு நாலடி முன்னால் வந்து நின்று, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பின்புறம் பார்க்காமலேயே அடிமேல் அடிவைத்துப் பின்னால் நகர்ந்து வந்து, மடியில் 'தொப்'பென்று அமருவாள். இலக்குத் தவறி முழங்காலில் இடித்துக்கொண்டால் கோபிப்பதில்லை. ஓரடி முன்னே போய், கோணத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வருவாள். இப்படிப் பல நாளாக மௌனமாகவே நடந்துவந்த இந்தக் காரியத்தில், ஒரு புதன்கிழமை காலையில், லாரி வந்துபோன சற்று நேரத்துக்கெல்லாம், 'பீம், பீம்' என்று ஒலி சேர்ந்தது. அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, அதைக் காலால் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. நான் கவனித்தது அந்தச் சிரிப்பை அன்று, அதற்குப் பிறகு நடந்ததையே. மடியில் அமர்ந்த பேத்தி, கழுத்தைத் திருப்பி முதலில் பாட்டியின் முகத்தையும் பிறகு என் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். இது எடுபட்டது என்று தெரிந்துகொண்டாள். எழுந்து போய், அதே நாலடி தூரத்திலிருந்து, இம்முறை சற்று உரத்த குரலில், மறுபடியும் பின்வாங்கத் தொடங்கினாள்.

இதற்கு நம் வீடுகளில் சேட்டை என்று பெயர். குறும்பு, வால்தனம், லூட்டி என்றும் சொல்லுவோம். இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் பிரியம் கலந்திருந்தபோதிலும், அடியில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது: குழந்தை செய்யத்தகாத எதையோ செய்துவிட்டது, நாம் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதாக. இவற்றில் பெரும்பகுதி குற்றமுமன்று, தற்செயலுமன்று, தெரிந்தே செய்யப்படுகிற ஹாஸ்யம் என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி நடத்திய வாசுதேவி ரெட்டி என்னும் பேராசிரியையின் துணையும் எனக்கு இருக்கிறது. குழந்தைகள் பிறர் மனத்தை எவ்வாறு அறிகின்றன என்பது பற்றி 2008-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு வயதுகூட நிறையாத குழந்தைகள் வீட்டாரைச் சீண்டி விளையாடுவதையும் கோமாளித்தனம் செய்வதையும் தனித்தனி அத்தியாயங்களாகவே எடுத்துக்கொண்டு விவரித்திருக்கிறார். ஒன்பது மாதம் சுமாருக்குக் குழந்தை ஒரு பொருளை நம்மிடம் நீட்டும். நாம் கையை நீட்டியதும் 'வெடுக்'கென்று பின்னால் இழுத்துக்கொண்டு சிரிக்கும். எங்கள் வீட்டில் இது முறுக்கைக்கொண்டு நிகழ்ந்தது. ஓரங்கள் எல்லாம் சப்பி ஊறிப்போன அந்த முறுக்கை வாங்கிக்கொள்ள யாருக்கும் உண்மையில் ஆசை இல்லை என்பதும், ஆசை இருப்பதுபோல் நான் பாவனை செய்கிறேன் என்பதும் இருவருக்குமே தெரிந்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் எல்லாமே ஹாஸ்யம் என்று சொல்லிவிடவும் கூடாது. உயரமான நாற்காலியில் அமர்த்திப் பருப்புச்சாதம் ஊட்டும்போது ஸ்பூனைக் கீழே போடுகிறாளே, அது வேறு இனத்தைச் சேர்ந்தது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: என் மனைவி பதினொரு தடவை குனிந்து எடுத்தாள். வலக்கையால் போட்டாள், இடக்கையால் போட்டாள், நாற்காலியின் முன்பக்கம் போட்டாள், பக்கவாட்டில் கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து போட்டாள். விழுந்த ஸ்பூன் எங்கே போய் நிற்கிறதென்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தாள். ஸ்விட்சர்லாந்து தேசத்து ழான் பியாஜே, தம் மூன்று குழந்தைகளையும் தொட்டிலருகிலேயே உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்து 1936-இல் ஒரு நூலாக வெளியிட்டபோது, தம் மகன் லோரான் பத்து மாதம் நிரம்பியிருந்தபோது, மல்லாந்து படுத்தபடி பொம்மை அன்னத்தையும் சிறு பெட்டியையும் கையில் எடுத்து, கையின் நிலையை மாற்றி மாற்றி வைத்துக் கீழே போட்டு, அவை எங்கெங்கே விழுகின்றன என்று ஆராய்ந்ததை எழுதிவைத்தார். பியாஜேயின் வீட்டில் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதை நான் எங்கும் வாசிக்கவில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு ஓர் எளிய உபாயம் எனக்கு அகப்பட்டிருக்கிறது. ஸ்பூன் விழுந்தவுடன் குழந்தையின் கண் ஸ்பூனைப் பார்த்தால் அது ஆராய்ச்சி. உங்கள் முகத்தைப் பார்த்தால் அது ஹாஸ்யம். முதல் ஏழெட்டுத் தடவை ஆராய்ச்சியாக இருந்தது ஒன்பதாவது தடவையில் ஹாஸ்யமாக மாறுவதும் உண்டு. அதற்குக் காரணம் குழந்தையன்று, அந்நேரத்தில் என் மனைவியின் முகம் மாறிக்கொண்டிருந்த விதம். (மூன்றாம் மாடியில் எங்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர், லிஃப்டில் சந்திக்கும்போதெல்லாம், "பேத்தி காலையிலேயே எழுந்துடுவா போலிருக்கே" என்று மிகுந்த நாகரிகத்துடன் விசாரிக்கிறார். ஆறு மணிக்கு இட்லிப் பானையின் மூடி தரையில் உருளும் ஓசை அவருக்கும் கேட்கிறது என்பதுதான் அதன் பொருள்.)

நம்முடைய பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ரசிகர்கள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியதாகப் புறநானூற்றில் 188-ஆவதாக நிற்கும் பாட்டில், குழந்தை நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்வதைக் காணாத வாழ்வு பயனற்றது என்பது கருத்து. பாடியவன் அரசன், ஆகையால் தரையைத் துடைத்தது வேறொருவராக இருந்திருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லுகிறாள், அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. அரசனுக்குப் பிறகு வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்களோ குழந்தையின் செய்கைகளைப் பருவம் பருவமாகப் பகுத்து, பருவத்துக்குப் பத்துப் பாட்டாக நூறு பாட்டுப் பாடினார்கள். ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி. ஆண்பால் பிள்ளைத்தமிழில், பெண்பிள்ளைகள் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் வந்து உதைத்துச் சிதைப்பதற்கென்றே சிற்றில் பருவம் என்று தனியாகப் பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். வால்தனத்துக்கு இலக்கண நூலே இவ்வளவு பெரிய இடம் தந்திருக்கையில், நாம் அபார்ட்மென்ட் விதிகளைக் காட்டி முகஞ்சுளிப்பது அழகாக இல்லை.

பிள்ளைத்தமிழ் நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் புதிதாகப் படுகிறது. சப்பாணி கொட்டு என்று புலவர் கெஞ்சுகிறார், முத்தம் தா என்று கெஞ்சுகிறார், வா வா என்று அழைக்கிறார். பத்துப் பாட்டும் முடிந்து அடுத்த பருவம் தொடங்கிவிடுகிறது. ஆனால் குழந்தை கைகொட்டிற்றா, முத்தம் கொடுத்ததா, வந்ததா என்பதை அவர் சொல்லுவதே இல்லை. கேட்பது பெரியவருடைய காரியம், கொடுப்பதும் மறுப்பதும் குழந்தையின் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். இந்த மரியாதை இப்போது நம்மிடம் குறைந்து வருகிறதோ என்று ஐயுறுகிறேன். பேத்தி லாரியாகப் பின்வாங்கியதை என் மகன் கைப்பேசியில் பிடிக்க ஆசைப்பட்டு, "கண்ணு, தாத்தா மடிக்கு லாரி எப்படி வரும்? இன்னொரு தரம்" என்று கேட்டபோது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தரம் கேட்டும் வரவில்லை. அவன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்ட மறு நிமிஷம் 'பீம், பீம்' என்று வந்து என் மடியில் அமர்ந்தாள். விருந்தினர் வந்தால் நடுக்கூடத்தில் நிறுத்தி, மூக்கு எங்கே, காது எங்கே என்று பரீட்சை வைப்பதும் இதே தவறுதான். ஹாஸ்யம் தெரிந்தவர்கள் யாரும் கட்டளைக்குச் சிரிக்கவைக்கமாட்டார்கள்.

கைப்பேசியை முற்றிலும் பழிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மருமகள் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர்ப் பக்கம், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் அனுப்பும் அரை நிமிஷப் படத்துக்காகக் காத்திருக்கிறாள். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் சோறு இறங்குவதற்காகக் குழந்தையின் எதிரில் கைப்பேசியை நிறுத்திவைப்பது வேறு சமாசாரம். இரண்டு வயது நிறையாத குழந்தைகளைத் திரைக்கு முன் உட்காரவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே ஆலோசனை வழங்கியிருக்கிறது. அந்த ஆலோசனைக்கு அவர்கள் கூறும் காரணங்கள் ஒருபுறம் இருக்க, எனக்குத் தெரிந்த காரணம் வேறு. திரையைப் பார்த்துச் சாப்பிடும் குழந்தை ஸ்பூனைப் போடுவதில்லை, முறுக்கை நீட்டிப் பறிப்பதில்லை, சாதத்தைத் தலையில் வைத்துக்கொள்வதில்லை. வாயைத் திறக்கிறது, மூடுகிறது. வீடு சுத்தமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சாப்பாட்டில் குழந்தை இல்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. இந்த ஹாஸ்யம் நடைபெறும் காலம் எது, அதைப் பார்க்கவேண்டியவர்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் ஏற்பாடுகளிலேயே ஒரு கோணல் தெரிகிறது. சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி 2017-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. நல்ல காரியம், சந்தேகமில்லை. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னரே கழிந்துவிடலாம். ஒருநாள்கூட முன்னதாக எடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது தாய் திரும்பவும் வேலைக்குப் போய்விடுகிறாள். முறுக்கு வித்தையோ எட்டாம், ஒன்பதாம் மாதத்தில்தான் தொடங்குகிறது! தூக்கம் கெட்டு, பால் கொடுத்து, துணி அலசி அலுத்த மாதங்கள் எல்லாம் அவளுக்கு. சிரிக்கிற மாதங்கள் எல்லாம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் எனக்கு. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுமுறை அளித்து வருவதால், அவர்களுக்கு முதல் அங்கமாவது காணக் கிடைக்கிறது. தகப்பன்மாருக்கோ, தனியார் கம்பெனிகளில் சட்டம் ஒரு நாளும் தருவதில்லை. என் மகன் எடுத்தது ஐந்து நாள், அதுவும் அவனுடைய சொந்த விடுப்புக் கணக்கிலிருந்து.

அதே 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு தரம் அங்கே போய்ப் பார்த்துவரலாம் என்றும் விதித்திருக்கிறார்கள். நான்கு தரம் என்று எண்ணிச் சொன்ன அந்த மனிதர் எவரோ, அவர் வீட்டில் குழந்தை இருந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் காலையில் போகிற தாய்மார் கூட்டத்தைப் பார்க்கையில், இந்த விதி ஏட்டில் இருப்பதோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பெரிய வளாகத்திலும் கண்ணால் காணும் அறையாக ஆகவேண்டுமென்று கோருவது பேராசையாகாது. இன்னொன்றும் சொல்லுவேன், நிர்வாகத்தார் நகைத்தாலும் சரி. இருக்கிற விடுமுறையில் கை வைக்காமல், அதற்கு மேல் ஒரு நாலு வாரத்தைத் தாய்க்கும் ஒரு நாலு வாரத்தைத் தகப்பனுக்கும், குழந்தையின் எட்டாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் இடையில் விரும்பியபோது எடுத்துக்கொள்ளும்படி ஒதுக்கிவைத்தால் என்ன?

மருமகள் வீடு திரும்புவதற்கு இரவு எட்டு மணி ஆகிவிடும். அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள், அவள் கைகால் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்ததுதான் தாமதம், பேத்தி நாலடி முன்னால் போய் நின்று, முதுகைக் காட்டி, 'பீம், பீம்' என்று பின்வாங்கி வந்து மடியில் விழுந்து, கழுத்தைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாமா இது, புதுசா ஏதோ சத்தம் போடறா?" என்று மருமகள் என்னைக் கேட்டாள். பத்தரை மணிக்கு வரும் லாரியை அவள் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கிச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் விளக்கம் சொன்ன பிறகு சிரிக்கும் சிரிப்புத்தான்.

சுமார் பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, அவள் வீட்டிலிருந்த வேளையில் லாரி வந்தது. அடுப்படியில் நின்றவள் அந்தச் சப்தத்தைக் கேட்டுக் கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்து, "மாமா, இதுதானா!" என்று சொல்லித் தனியாக நின்று சிரித்துவிட்டு, அவசர அவசரமாகத் தரையில் உட்கார்ந்து மடியை விரித்து வைத்துக்கொண்டாள். பேத்தி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அலமாரி ஓரத்தில் உட்கார்ந்து, என் செருப்பு ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ மிகவும் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தாள்.